குடவோலை தெரியும், ஏரி வாரியம் தெரியுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். படிக்க வசதியா அங்கங்க மட்டும் திருத்தியிருக்கோம்.)

இன்னைக்கு நாம போற ஊர் உத்திரமேரூர். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, செய்யாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனா வர்ற ஊர். பேரைக் கேட்டதுமே பாதிப் பேருக்கு ஸ்கூல் புத்தகம் ஞாபகம் வந்திருக்கும். பராந்தக சோழன், குடவோலை முறை, பானைக்குள்ள ஓலை, ஒரு சின்னப் பையன் கையை விட்டு எடுப்பான். கண்டிப்பா பரீட்சைக்கு வர்ற கேள்வி. 2020 டிசம்பர்ல டெல்லியில புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டினப்போ பிரதமர் பேச்சுலயும் இந்த ஊர் வந்துச்சு. வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வாட்ஸ்அப்புல "உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்த தமிழன்"னு ஒரு ஃபார்வர்டு வரும்.

எல்லாம் சரி. ஆனா அந்த ஃபார்வர்டுல ஒரு விஷயம் மட்டும் வராது. அந்தப் பானையிலேர்ந்து ஓலை எடுத்தது எந்த வேலைக்கு? எம்எல்ஏ, எம்பி மாதிரி பதவியா? இல்ல. அதுல ஒரு முக்கியமான வேலை, ஏரியைப் பார்த்துக்கறது. இன்னைக்கு எபிசோடு அந்த ஏரியைப் பத்தியும், அதுக்குத் தண்ணி கொடுக்கற ஆற்றைப் பத்தியும்தான்.

ஆறு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம்

முதல்ல மேப்பைக் கொஞ்சம் பார்ப்போம். செய்யாறு ஜவ்வாது மலையில பிறக்குது. செங்கம் வழியா வந்து, செய்யாறுன்னே பேர் இருக்கற ஊரைத் தாண்டி, காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ள நுழையுது. பெருநகர், மாகறல், வெங்கச்சேரி, காவாந்தண்டலம்னு கரையில வரிசையா ஊருங்க. கடைசியில திருமுக்கூடல்கிட்ட பாலாற்றோட சேருது. வேகவதியும் அங்கதான் வந்து சேருது. மூணு ஆறு கூடற இடம், அதனால முக்கூடல்.

உத்திரமேரூர் இந்த ஆற்றங்கரையில இல்ல, கொஞ்சம் தள்ளித்தான் இருக்கு. அதுவும் யோசிச்சுப் பண்ணதுதான். செய்யாறும் பாலாறும் வருஷம் முழுக்க ஓடற ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழை அடிச்சா சில நாள், சில வாரம் கரை புரண்டு ஓடும். மத்த நாள்ல மணல்தான். அந்தச் சில வாரத் தண்ணியைப் பிடிச்சு வச்சாத்தான் மிச்ச மாசம் விவசாயம். அதனால இங்க ஆற்றங்கரை நாகரிகம்னு சொன்னா அது பாதிதான் உண்மை. இது ஆற்றையும் ஏரியையும் வாய்க்காலால இணைச்சு வச்ச நாகரிகம்.

ஆற்றுல குறுக்கே ஒரு அணைக்கட்டு. அங்கேர்ந்து வாய்க்கால். வாய்க்கால் முடியற இடத்துல ஏரி. ஏரிக்கரையில மதகு. மதகுலேர்ந்து கிளை வாய்க்கால், அதுலேர்ந்து வயல். ஏரி நிரம்பினா கலங்கல் வழியா வழிஞ்சு அடுத்த ஏரிக்குப் போகும். இன்னைக்கும் அனுமந்தண்டலம் தடுப்பணை நிரம்பினாத்தான் உத்திரமேரூர் ஏரிக்கு செய்யாற்றுத் தண்ணி வரும்.

இந்த ஊரே கிட்டத்தட்ட கி.பி. 750 வாக்குல, ரெண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்துல, பிராமணர்களுக்குக் கொடுத்த பிரம்மதேயமா உருவானது. உத்தரமேரு சதுர்வேதிமங்கலம்னு பேர். ஏரிக்கு வைரமேக தடாகம்னு பேர். வைரமேகன்கிறது தந்திவர்ம பல்லவனோட பட்டப்பேர்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அப்படின்னா இந்த ஏரிக்கு வயசு சுமார் 1200. கட்டின ராஜவம்சம் போச்சு, அதுக்கப்புறம் வந்த வம்சமும் போச்சு. ஏரி மட்டும் அங்கேயே இருக்கு.

30 ஓலை, 6 பேர்

இப்ப கல்வெட்டுக்கு வருவோம். இன்னைக்கு வைகுண்டப் பெருமாள் கோவில்னு சொல்ற கட்டடத்தோட சுவர்லதான் அது இருக்கு. அந்தக் காலத்துல ஊர்ச்சபை கூடின மண்டபம் அதுதான். 1898-ல கல்வெட்டுத் துறை இதைப் படியெடுத்தாங்க. அப்புறம் வெங்கையா பதிப்பிச்சார், நீலகண்ட சாஸ்திரி விரிவா எழுதினார். அதுக்கப்புறம்தான் ஊர் உலகப் புகழ் ஆச்சு.

கல்வெட்டு ஒண்ணு இல்ல, ரெண்டு. முதலாவது 919, பராந்தகனோட 12-ஆவது ஆட்சி ஆண்டு. ரெண்டாவது 921, 14-ஆவது ஆண்டு. ரெண்டே வருஷத்துல ஏன் ரெண்டாவது? முதல் விதியில ஓட்டை இருந்திருக்கு, திருத்தியிருக்காங்க. எங்க பாஷையில சொன்னா வெர்ஷன் 1, வெர்ஷன் 2. ரெண்டு தடவையும் ராஜாவோட அதிகாரி கூட உட்கார்ந்துதான் முடிவு ஆகியிருக்கு. 919-ல வயசு 30-லேர்ந்து 60. 921-ல அதை 35-லேர்ந்து 70-ஆ மாத்தினாங்க.

ஊரை 30 குடும்பா, அதாவது 30 வார்டா, பிரிச்சிருந்தாங்க. ஒவ்வொரு குடும்புலயும் தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதிக் கட்டு கட்டிப் பானையில போடணும். விஷயம் தெரியாத ஒரு சின்னப் பையன் எடுப்பான். வாங்கறவர் அஞ்சு விரலையும் விரிச்சு, உள்ளங்கையில வாங்கணும். கைக்குள்ள வேற ஓலையை மறைச்சு வச்சிருந்தா? அதுக்குத்தான் அந்த விதி. யாரோ ஒருத்தர் அப்படிப் பண்ணியிருக்கணும், இல்லன்னா இந்த அளவுக்கு எழுதியிருக்க மாட்டாங்க.

இப்படி 30 பேர் கிடைச்சாச்சு. இவங்கள்ல 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். மிச்சம் 6 பேர் ஏரி வாரியம். பொன் வாரியம், பஞ்சவார வாரியம்னு இன்னும் ரெண்டு இருந்துச்சு, அதுக்கும் இதே மாதிரி குடவோலைதான். பதவிக்காலம் 360 நாள்.

இதுல ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒண்ணு, பெரிய பதவியான ஆண்டு வாரியத்துக்கு யாரைப் போடணும்? ஏற்கனவே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவங்க, கல்வியிலயும் வயசுலயும் மூத்தவங்க. அதாவது தோட்டத்தையும் ஏரியையும் பார்த்த அனுபவத்துக்கு அவ்வளவு மதிப்பு.

ரெண்டாவது விஷயம்தான் எனக்கு இந்தக் கல்வெட்டுலயே ரொம்பப் பிடிச்சது. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவங்க பேரைப் பானையில போடவே கூடாது. அவங்க பேரை மட்டும் இல்ல, சொந்தக்காரங்க பேரையும் போடக்கூடாது. சித்தி, பெரியம்மா பசங்க, அத்தை, மாமன் வீடு, மாமனார், அக்கா தங்கச்சி வீட்டுக்காரர்னு லிஸ்ட் நீளமாப் போகுது. பினாமிங்கிற வார்த்தை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பினாமியை யோசிச்சிருக்காங்க. அதோட, கடந்த மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவங்களும் வரக்கூடாது.

ஏரிக்கு எதுக்கு இவ்வளவு கடுமை? ஏரி வருஷா வருஷம் சாகற பொருள். ஆற்றுத் தண்ணி சும்மா வராது, வண்டலைக் கூட்டிட்டு வரும். ஒவ்வொரு மழைக்கும் தரை கொஞ்சம் உயரும். தூர் எடுக்கலன்னா சில தலைமுறையில ஏரி மேடாயிடும். கரையில எலி வளை வச்சாப் போதும், ஒரு ராத்திரியில உடைஞ்சிடும். அதனால தொண்டை மண்டலக் கல்வெட்டுகள்ல ஏரிக்கரை பார்க்க, தூர் எடுக்கன்னே பொன்னும் நிலமும் கொடுத்த செய்தி நிறைய வரும். அந்த நிலத்துக்கு ஏரிப்பட்டின்னு பேர். பொன்னை முதலா வச்சு வட்டியில வேலை நடக்கும். இன்னைக்கு நாம சொல்ற மெயின்டனன்ஸ் ஃபண்டு.

கல்வெட்டுல பேர் இல்லாதவங்க

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தணும். இதை ஜனநாயகம்னு சொன்னா யாருக்கு ஜனநாயகம்னு கேட்டுத்தான் ஆகணும்.

பானையில பேர் போகணும்னா கால் வேலிக்கு மேல வரி கட்டற நிலம் வேணும். சொந்த மனையில வீடு வேணும். வேதம் தெரிஞ்சிருக்கணும். நிலம் அதுல பாதிதான் இருந்தா, ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கத்திருந்தாப் போதும்னு ஒரு சலுகை. அவ்வளவுதான் கதவு திறந்துச்சு. பெண்கள் கிடையாது. பிராமணர் இல்லாத யாரும் கிடையாது. வண்டலைக் கூடையில அள்ளிக் கரைமேல கொட்டினவங்க பேர் அந்தச் சுவர்ல எங்கயும் இல்ல.

பின்னாடி வந்த நூற்றாண்டுகள்லயும் அப்படித்தான். மதகைத் திறந்து மூடறது, ராத்திரியில கரையைச் சுத்தி வர்றது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம்னு பிரிச்சு விடறது, இதுக்கெல்லாம் ஆள் இருந்தாங்க. நீர்க்கட்டி, கம்புகட்டின்னு ஊருக்கு ஊர் பேர் மாறும். பல ஊர்கள்ல இந்த வேலை தலித் குடும்பங்கள்கிட்டதான் இருந்துச்சு. ஏரியோட குணம் அவங்களுக்குத்தான் அத்துப்படி. கூலி நெல்லா வரும், அதிகாரம் மட்டும் வராது.

அதனால உத்திரமேரூரை நான் ரெண்டு விதமாவும் பார்க்கறேன். கணக்குக் கேட்கறதுல அவங்க நம்மளை விட முன்னாடி. யார் கேட்கலாம்ங்கிறதுல ரொம்பப் பின்னாடி. ரெண்டும் ஒரே சுவர்லதான் இருக்கு.

முக்கூடலுக்கு ஒரு நடை

இப்ப ஏரியை விட்டு ஆற்றுக்குப் போவோம். செய்யாறு பாலாற்றோட சேர்ற திருமுக்கூடல்ல அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோவில் இருக்கு. அங்க வீரராஜேந்திர சோழனோட ஒரு நீளமான கல்வெட்டு, 1060-கள்ல வெட்டினது. ஆற்றங்கரைக் கோவில்ல ஒரு கல்லூரி, மாணவர் விடுதி, ஒரு மருத்துவமனை. மருத்துவமனைக்கு வீரசோழன் ஆதுலசாலைன்னு பேர், 15 படுக்கை. வைத்தியர், அறுவை பண்றவர், மூலிகை கொண்டு வர்றவங்க, நோயாளிகளைப் பார்த்துக்கற பெண்கள், ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு நெல்லுங்கிறது வரைக்கும் எழுதியிருக்கு. மருந்துப் பேர் லிஸ்ட்டும் உண்டு.

இதெல்லாத்துக்கும் பணம் எங்கேர்ந்து? நிலத்துலேர்ந்து. நிலத்துக்குத் தண்ணி வாய்க்கால்லேர்ந்தும் ஏரியிலேர்ந்தும். படுக்கை, மருந்து, மாணவர் சாப்பாடு எல்லாமே கடைசியில யாரோ தூர் எடுத்த ஏரியில போய் நிக்குது.

முக்கூடல் இன்னும் உயிரோட இருக்கற இடம். மாட்டுப் பொங்கல் அன்னைக்கு காஞ்சிபுரம் வரதர் பார்வேட்டைக்காகப் பழைய சீவரம் மலைக்கு வருவார். அப்புறம் பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார். அங்க பக்கத்து ஊர்ப் பெருமாள்களும் வந்து, அஞ்சு பெருமாள் ஒண்ணா சேவை சாதிப்பாங்க. பக்தி இருக்கோ இல்லையோ, ஒரு தடவை போய்ப் பாருங்க. சுத்துப்பட்டு ஊரெல்லாம் ஆற்று மணல்ல நிக்கும். ஆறுங்கறது ஊரைப் பிரிக்கற கோடு இல்ல, ஊருங்க சந்திக்கற மைதானம்னு அன்னைக்குப் புரியும்.

கம்பெனி வந்த கதை

1763-ல ஆற்காடு நவாப், செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீரா கொடுத்தார். வரி எவ்வளவு தேறும்னு தெரியணுமே? தாமஸ் பர்னார்டுங்கிற இன்ஜினியரை அனுப்பினாங்க. 1767-லேர்ந்து 1774 வரைக்கும் அவர் சுமார் 2000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்குல ஒரு விஷயம் பளிச்சுனு தெரியுது. விளைச்சல்ல அரசாங்கப் பங்கு போறதுக்கு முன்னாடியே ஊருக்குன்னு சில பங்கு எடுத்து வைப்பாங்க. கோவிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வெட்டியானுக்கு, ஏரிக்கு. ஆமா, ஏரியும் ஒரு பங்குதாரர்.

கம்பெனி பார்வையில அதெல்லாம் வருமான இழப்பு. போகப் போக அந்தப் பங்குகள் சுருங்கி, எல்லாம் வருவாய்த் துறைக் கணக்குக்குள்ள போச்சு. ஏரிக்குப் பங்கு நின்னா யார் தூர் எடுப்பாங்க? வேலை தேங்கிச்சு. அப்புறம் 1858-ல மெட்ராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் வந்துச்சு. குடிமராமத்துக்கு வரலன்னா அபராதம்! காசை எடுத்துக்கிட்டு, வேலையை மட்டும் "உங்க பழக்கம்தானே, பண்ணுங்க"ன்னு சொன்ன மாதிரி.

அதுக்கப்புறம் பொதுப்பணித்துறை. இன்னைக்குக் கணக்குப்படி 40 ஹெக்டேருக்கு மேல ஆயக்கட்டு இருக்கற ஏரிகள் நீர்வளத்துறைகிட்ட, சின்ன ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்துகிட்ட. காஞ்சிபுரம் மாவட்டத்துல மட்டும் நீர்வளத்துறை கையில 381 ஏரி. துறைக்கு இன்ஜினியர் இருக்காங்க, பட்ஜெட் இருக்கு. ஆனா ஒரு குறிப்பிட்ட ஏரிக்கு, "இந்த 360 நாளைக்கு இதோட பொறுப்பு இந்த ஆறு பேர்"ங்கிற மாதிரி ஏதாவது இருக்கா? சாஃப்ட்வேர்ல இருக்கறவங்களுக்கு இது நல்லாப் புரியும். எல்லா டீமுக்கும் சொந்தமான சர்வீஸ் யாருக்கும் சொந்தம் இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு அது விழுந்தா யாருக்கு போன் அடிக்கும்?

மணல் எங்க போச்சு?

இப்ப வரலாறு நம்ம வீட்டு வாசலுக்கே வருது.

வறண்ட பாலாற்றைப் பார்த்தா தண்ணி இல்லைன்னு தோணும். உண்மையில மணலுக்குள்ள தண்ணி இருக்கும். மணல்தான் தொட்டி. மேல வெயில் அடிச்சாலும் உள்ள ஆவியாகாம இருக்கும். பழைய காலத்துல ஆற்றுப்படுகையைக் கீறி ஊற்றுக்கால் வெட்டுவாங்க. மணல்லேர்ந்து கசியற தண்ணி அதுல சேர்ந்து, சரிவுல தானா வயலுக்குப் போகும். மோட்டார் கிடையாது, கரன்ட் கிடையாது.

அப்புறம் சென்னை வளர்ந்துச்சு. கான்கிரீட்டுக்கு மணல் வேணும். பாலாறு பக்கத்துல இருக்கு, மணலும் நல்ல மணல். லாரி லாரியாப் போச்சு. 2003-ல தனியார் குவாரியை நிறுத்தி அரசே மணல் எடுக்கறதை ஏத்துக்கிச்சு. எடுக்கறது மட்டும் நிக்கல. மணல் போனா என்ன ஆகும்? படுகை கீழ இறங்கும். படுகை இறங்கினா ஊற்றுக்கால் வாய் அந்தரத்துல நிக்கும், வாய்க்கால் தலைப்புக்குத் தண்ணி எட்டாது. கரையோரக் கிணத்துல நீர்மட்டமும் கூடவே இறங்கும். ஆற்றுல தண்ணி ஓடும், ஏரிக்குப் போற வாய்க்கால்ல ஏறாது. ஆயிரம் வருஷ டிசைன் ஒரு நாலடி மட்டத்துல தோத்துப் போகும்.

மேல்பக்கம் இன்னொரு கதை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஆலைகள். 1996-ல உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்குல தீர்ப்புச் சொன்னப்போதான், மாசு பண்ணவனே விலை கொடுக்கணும்ங்கிற கொள்கை இந்தியச் சட்டத்துல அழுத்தமா உட்கார்ந்துச்சு. இன்னைக்கு சுற்றுச்சூழல் சட்டம் படிக்கற எல்லாரும் படிக்கற வழக்கு. அது பிறந்தது பாலாற்றுல.

ஆற்று மணல் குறைஞ்சதும் எம்-சாண்டு வந்துச்சு. அது எங்கேர்ந்து? பாறையை உடைச்சு. திருமுக்கூடல், மதூர், சிறுதாமூர் பக்கம் போனா கல்குவாரியும் கிரஷரும்தான். ஆற்றைத் தோண்டி முடிச்சு இப்ப குன்றைத் தோண்டறோம். சென்னையில இருபது வருஷத்துக்குள்ள கட்டின அப்பார்ட்மென்ட்ல உட்கார்ந்து இதைக் கேட்கறீங்கன்னா, உங்க சுவர்ல பாலாறு இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. குற்ற உணர்ச்சிக்காகச் சொல்லல. உத்திரமேரூர் வரலாறு நம்ம வரலாறும்தான், அதுக்காகச் சொல்றேன்.

ஆறு செத்துப்போச்சுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. 2021 நவம்பர்ல பாலாற்றுல வினாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல வெள்ளம் போச்சு. பாலங்கள் உடைஞ்சது, ஊருங்க துண்டாச்சு. அந்தத் தண்ணியில பெரும்பகுதி நேரா கடலுக்குத்தான். பிடிச்சு வைக்க வேண்டிய வாய்க்காலும் ஏரியும் தயாரா இருந்தாத்தானே?

இன்னைக்கு ஓலையில யார் பேர்?

முயற்சியே இல்லைன்னு சொல்ல முடியாது. 2000-ல விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் வந்துச்சு. நீரைப் பயன்படுத்தறவங்க சங்கம், அதுக்கு எலெக்‌ஷன். காகிதத்துல அதுதான் நம்ம காலத்து ஏரி வாரியம். ஆனா ஆயக்கட்டுல நிலம் வச்சிருக்கறவங்களுக்குத்தான் ஓட்டு. கூலி வேலை பண்றவங்க, ஏரியில மீன் பிடிக்கறவங்க, மாடு மேய்க்கறவங்க வெளியிலதான். கால் வேலி விதி வேற பேர்ல வந்திருக்கு. 2017-ல குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி தொடங்கினாங்க, அதுவும் இதே காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலத்துல. சில ஏரி ஆழமாச்சு, கரை பலமாச்சு. ஆனா திட்டம்னா ஒரு நாள் முடியும். வண்டல் வர்றது முடியாது.

இன்னொரு சபையும் இருக்கு. கிராம சபை. ஊர்ல ஓட்டுரிமை இருக்கற எல்லாரும், ஆணோ பெண்ணோ, நிலம் இருக்கோ இல்லையோ, உட்காரலாம், கேட்கலாம். 921-ல அந்த மாதிரி மண்டபத்துக்குள்ள கால் வைக்க முடியாதவங்களோட பேத்தி இன்னைக்கு கிராம சபையில எழுந்து நின்னு "ஏரிக் கணக்கு எங்க?"ன்னு கேட்கலாம். தமிழ்நாட்டுல வருஷத்துக்கு 6 தடவை கிராம சபை நடக்கணும். அதுல ஒண்ணு மார்ச் 22, உலக தண்ணீர் தினம்.

சபை சொல்றதுக்கு எவ்வளவு மதிப்புங்கிறது வேற கேள்வி. இதே மாவட்டத்துல பரந்தூர் விமான நிலையம் 2022-ல அறிவிச்சாங்க. ஏகனாபுரம் கிராம சபை அதை எதிர்த்துத் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டுச்சு. அவங்க சொன்ன முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு ஏரியும் வாய்க்காலும். விமான நிலையம் வேணுமா வேண்டாமான்னு உங்களுக்கு வேற கருத்து இருக்கலாம். ஆனா ஒரு ஊர்ச்சபை நீர்நிலையைப் பத்தி எடுத்த முடிவை என்ன பண்ணப் போறோம்ங்கிற கேள்விக்குப் பதில் சொல்லாம, பாராளுமன்றத்துல குடவோலையைப் பத்திப் பெருமைப்பட முடியாதுன்னு நான் நினைக்கறேன்.

நகரத்துல இருக்கறவங்களுக்கும் வேலை இருக்கு. 2022 நவம்பர் 1-லேர்ந்து நகரங்கள்லயும் ஏரியா சபை நடக்க ஆரம்பிச்சிருக்கு. ஏரியா சபையில ஏரியைப் பத்திக் கேளுங்க. உங்க வார்டுல ஒரு குளமோ, கால்வாயோ, மூடிப்போன வரத்து வாய்க்காலோ கண்டிப்பா இருக்கும். அது எந்தத் துறைகிட்ட இருக்கு, கடைசியா எப்ப தூர் எடுத்தாங்க, எவ்வளவு செலவு, அடுத்தது எப்போ. நாலே கேள்வி. பதிலை எழுத்துல வாங்குங்க.

உத்திரமேரூர் போனா கோவில் சுவரைப் போட்டோ எடுப்பீங்க, எடுங்க. அப்படியே ஏரிக்கரை மேலயும் ஒரு நடை போயிட்டு வாங்க. கல்வெட்டு எதுக்காக வெட்டினாங்கன்னு அங்கதான் தெரியும்.

அவ்வளவுதான் மக்களே. உங்க ஊர் ஏரிக்குப் பழைய பேர் ஏதாவது இருந்தா, இல்ல உங்க தாத்தா பாட்டி காலத்துல நீர்க்கட்டி எப்படி இருந்தாங்கன்னு தெரிஞ்சா, வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்லதை அடுத்த எபிசோடுல சேர்த்துக்கறோம். வரட்டுமா?